ஒரு யூனிட் என்றால் என்ன? – 'லோ சுகர்' பிறந்த கதை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் பென்ஷன், பஞ்சப்படி, பிள்ளைகளின் கல்யாணம் என்று பேச்சு போகும். இப்போது முதல் கேள்வியே 'உங்களுக்கு சுகர் எவ்வளவு?' என்பதுதான். மாத்திரையில் இருபது வருஷம் ஓட்டியவர்களையெல்லாம் டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக இன்சுலினுக்கு மாற்றி வருகிறார்கள். அடியேனும் அந்தப் பட்டியலில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன.

ஊசி குத்துவதற்கு யாரும் பயப்படுவதில்லை. இந்தக் காலத்து ஊசி கொசுக்கடி அளவுகூட வலிப்பதில்லை. பயமெல்லாம் வேறு. 'இன்சுலின் போட்டால் திடீரென்று லோ ஆகிவிடுமாமே, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டு போய்விடுமாமே' என்பதுதான் பயம். இந்தப் பயத்தில் டாக்டர் எழுதிய அளவில் பாதியை மட்டும் போட்டுக்கொள்பவர்களை அறிவேன். ஒரே ஒரு முறை லோ ஆனதும் ஊசியை மூலையில் போட்டுவிட்டு, கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர் ஒருவரையும் அறிவேன்.

பயம் பொய்யில்லை. ஆனால் எந்தப் பயத்துக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. கதையைத் தெரிந்துகொண்டால் பயம் விலகாவிட்டாலும் அளவுக்குள் நிற்கும். நான் டாக்டர் அல்ல, கோப்புகளோடு காலம் கழித்த எழுத்தன். பள்ளியில் பிரெஞ்சில் படித்ததால், இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியவற்றையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க முடிந்தது. அதில் கிடைத்ததை இங்கே தருகிறேன்.

கல்லீரல் என்னும் களஞ்சியம்

எங்கள் பள்ளிப் பாடத்தில் கிளோத் பெர்னார் என்ற பெயர் தவறாமல் வரும். பாரிசில் இருந்த உடலியல் மேதை. சர்க்கரை நாம் உண்ணும் உணவிலிருந்துதான் ரத்தத்துக்கு வருகிறது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், கல்லீரலே சர்க்கரையைச் செய்து ரத்தத்தில் விடுகிறது என்று 1848 வாக்கில் அவர் கண்டார். 1857-ல் அந்தச் சர்க்கரை கல்லீரலில் எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதையும் பிரித்துக் காட்டினார். அதுதான் கிளைகோஜன்.

நாம் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஏழு மணிவரை ஒன்றும் உண்ணாமல் தூங்குகிறோம். அப்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் மூளைக்கு மட்டுமே செலவாகிறது. இரவு முழுக்க அதை அளந்து அளந்து கொடுப்பது கல்லீரல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெர்னாருக்குப் பிறகு கதை கணையத்துக்குப் போகிறது. 1869-ல் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் என்ற இளம் மாணவர் கணையத்தினுள் சின்னச் சின்னத் திட்டுகளைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889-ல் ஸ்ட்ராஸ்பூர் நகரில், அப்போது அது ஜெர்மனி வசம் இருந்தது, மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. 1893-ல் பிரான்சில் லீல் நகரத்து லகெஸ் அந்தத் திட்டுகளுக்கு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று பெயர் வைத்து, அவற்றிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலக்கிறது என்றார். 1909-ல் பெல்ஜியத்தின் டி மேயர், இன்னும் யாரும் கண்ணால் பார்க்காத அந்தப் பொருளுக்கு 'இன்சுலின்' என்றே பெயர் சூட்டினார். இலத்தீனில் இன்சுலா என்றால் தீவு. பிள்ளை பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே பெயர் வைத்தாயிற்று.

முயல்கள் சொன்ன செய்தி

பிள்ளை பிறந்தது கனடாவின் டொரோன்டோ நகரில். 1921 கோடையில் பான்டிங் என்ற அறுவை மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும் மெக்லியோட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் நாய்களை வைத்துத் தொடங்கினார்கள். ஆண்டு முடிவில் கொலிப் என்ற வேதியியல் அறிஞர் சேர்ந்துகொண்டார். 1922 ஜனவரி 11-ம் தேதி லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பட்டினி வைத்தியத்தால் எலும்பும் தோலுமாக இருந்த பையன். சுமார் 29 கிலோ எடைதான். மருந்தில் அழுக்கு அதிகம், பலன் கொஞ்சம். ஊசி போட்ட இடம் வீங்கிக்கொண்டது. கொலிப் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23-ல் மீண்டும் போட்டபோது பையனின் சர்க்கரை இறங்கியது, சிறுநீரில் சர்க்கரை ஏறக்குறைய மறைந்தது.

இதுவரை பலரும் படித்திருப்பீர்கள். பலர் கவனிக்காமல் போகும் பகுதி ஒன்று இதற்குள் இருக்கிறது.

கொலிப் தன் சாறு வேலை செய்கிறதா என்று பார்க்க நோயில்லாத முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். நாயைவிட முயல் மலிவு, வேலையும் சுலபம். சாறு நன்றாக இருந்தால் முயலின் ரத்தச் சர்க்கரை இறங்கும். ஆனால் மிக நன்றாக இருந்தபோது வேறொன்று நடந்தது. முயல் பசியால் துடித்தது, பிறகு வலிப்பு வந்து விழுந்தது, பிறகு அசைவற்றுக் கிடந்தது. அந்த முயலுக்குக் குளுக்கோஸ் கரைசலை ஊசியால் ஏற்றினார்கள். செத்துவிட்டது என்று நினைத்த முயல் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்தது.

உலகில் இன்சுலினால் வந்த லோ சுகரைத் தெளிவாகக் கண்டது அங்கேதான். அதற்கு மருந்து சர்க்கரை என்று கண்டதும் அங்கேதான். ஆபத்தும் பரிகாரமும் ஒரே மேசையில் பிறந்தன.

அதோடு நிற்கவில்லை. மருந்தை அளப்பதற்கு ஓர் அளவு வேண்டும். சுத்தமான இன்சுலினைத் தராசில் நிறுக்க அன்று வழியில்லை. எனவே முயலையே படியாக வைத்துக்கொண்டார்கள். 24 மணி நேரம் பட்டினி கிடந்த இரண்டு கிலோ முயல் ஒன்றின் ரத்தச் சர்க்கரையை, வலிப்பு வரும் அளவான 45 மில்லிகிராமுக்கு இறக்க எவ்வளவு சாறு வேண்டுமோ அது ஒரு யூனிட் என்றார்கள். மனிதனுக்கு அது அதிகம் என்று கண்டபின், 1923-ல் எடின்பரோவில் உலக நாடுகள் சங்கத்தின் சார்பில் கூடிய அறிஞர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சர்வதேச யூனிட் ஆக்கினார்கள். இன்று தராசு வந்துவிட்டது. ஒரு யூனிட் சுமார் 0.035 மில்லிகிராம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அளவு அதேதான்.

ஆகவே 'பத்து யூனிட் போடுங்க' என்று டாக்டர் சொல்லும்போது, அந்த யூனிட் என்பது ஒரு முயலின் மயக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. லோ சுகர் என்பது இன்சுலினுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பெயர் என்று நினைக்க வேண்டாம். இன்சுலினை அளந்ததே அதைக் கொண்டுதான்.

குடிகாரன் என்று நினைத்தார்கள்

1922-லேயே டொரோன்டோவின் கேம்ப்பெல், ஃப்ளெச்சர் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளிடம் இதைக் கவனித்து எழுதிவைத்தார்கள். முதலில் தாங்க முடியாத பசி. பிறகு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கலக்கம். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும், கடைசியில் நினைவு தப்பும். ஆரஞ்சுச் சாறோ சர்க்கரையோ கொடுத்தால் ஆள் தெளிந்துவிடுவார்.

வியர்வையும் நடுக்கமும் ஏன் என்பதை 1924-ல் அமெரிக்காவின் வால்டர் கேனன் காட்டினார். சர்க்கரை இறங்கியதும் உடம்பு அட்ரினலினைச் சுரந்து கல்லீரலைத் தட்டி எழுப்புகிறது. 'களஞ்சியத்தைத் திற' என்ற உத்தரவு அது. வியர்வையும் படபடப்பும் அந்த உத்தரவின் சத்தம். எனவே அவை நமக்கு நண்பர்கள். ரத்த அழுத்தத்துக்காகச் சிலர் சாப்பிடும் மாத்திரைகள், குறிப்பாக அட்டெனலால், மெட்டோபிரலால் வகை, இந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். அவர்களுக்கு வியர்வை ஒன்றுதான் மிஞ்சும் அடையாளம்.

புத்தி தடுமாறுவதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். ஒரு பியூன் இருந்தார். ஐம்பது வயது, பரம சாது, பீடிகூடக் குடிக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்சுலின் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்து, மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலின் போட்ட காலம். அன்று கிருத்திகை. வழக்கம்போல் காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, விரதமென்று ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

பதினோரு மணிக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனவர் அதைத் தரையில் போட்டார். எடுக்கச் சொன்னதற்கு, வாழ்நாளில் அவர் வாயில் வராத வார்த்தைகளைச் சொல்லிக் கத்தினார். நடை தள்ளாடியது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. புதுவையில் ஒருவன் தள்ளாடினால் ஊர் என்ன முடிவு செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு சாராயக் கடை இருந்த காலம். 'பணி நேரத்தில் மது அருந்தி' என்று மெமோவுக்கு டிக்டேஷனே தொடங்கிவிட்டது.

எங்கள் தலைமை எழுத்தர் பிரெஞ்சு ஆட்சியில் வேலைக்குச் சேர்ந்த பழைய ஆள். அவருடைய அண்ணன் ஒரு சொல்தா, சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்று வந்து இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். தலைமை எழுத்தர் எழுந்து போய் பியூனின் நெற்றியைத் தொட்டார். வாயருகே முகர்ந்தார். "சாராய வாடை இல்லையே. உடம்பு ஐஸா இருக்கு. யாராவது ஓடிப்போய் டீக்கடையில சக்கரை வாங்கிட்டு வாங்க" என்றார். பிரெஞ்சில் 'இப்போகிளிசெமி' என்று ஒரு வார்த்தையும் சொன்னார். அது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். முதல் வாய் சட்டையில் வழிந்தது, இரண்டாவது இறங்கியது. கால் மணி நேரத்தில் அவர் தலையைத் தூக்கி, "நான் ஏங்க இங்க உக்காந்திருக்கேன்?" என்று கேட்டார். கத்தியது எதுவும் நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டபோது அந்த மனிதர் அழுத அழுகை எனக்கு மறக்காது. மெமோ போகவில்லை. ஆனால் நெடுநாள் வரை சிலர் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

தலைமை எழுத்தர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் சோறு போயிருக்கும். அவரை அப்படியே 'போதை தெளியட்டும்' என்று ஒரு மூலையில் படுக்க வைத்திருந்தால் உயிரே போயிருக்கும்.

மொன்பெலியேவின் டைபாய்டு வார்டு

மாத்திரை சாப்பிடுபவர்கள் 'எனக்கு ஊசி இல்லை, லோ வராது' என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு கதை.

1942. பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றுக் கிடந்த காலம். உணவுக்குப் பஞ்சம். தென் பிரான்சின் மொன்பெலியே நகரத்து மருத்துவமனையில் ஜான்பொன் என்ற டாக்டர், டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் மயங்கினார்கள், சிலர் இறந்தும் போனார்கள். ரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது.

ஜான்பொன் இதை அதே ஊரில் இன்சுலின் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லூபாத்தியேர் என்பவரிடம் சொன்னார். லூபாத்தியேர் அந்த ஜூன் மாதமே ஒரு பட்டினி நாய்க்கு அந்த மருந்தைக் கொடுத்தார். சர்க்கரை இறங்கியது. கணையம் எடுக்கப்பட்ட நாய்க்குக் கொடுத்தபோது இறங்கவில்லை. அதாவது மருந்து தானாகச் சர்க்கரையை இறக்கவில்லை, கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. ஒரு வார்டின் துயரத்திலிருந்து இப்படி ஒரு மருந்துக் குடும்பமே வந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஜெர்மனியில் அது கடைக்கு வந்தது. நம் வீடுகளில் இருக்கும் கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் எல்லாம் அந்தப் பரம்பரை.

அந்தப் பரம்பரையின் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை. இந்த மாத்திரையோடு இன்சுலினும் புதிதாகச் சேரும்போது இரண்டு கைகள் சேர்ந்து சர்க்கரையை இழுக்கின்றன. அதனால்தான் ஊசி தொடங்கும்போது டாக்டர்கள் பழைய மாத்திரைச் சீட்டை ஒரு முறை வாங்கிப் பார்க்கிறார்கள். பழைய சீட்டைக் கொண்டுபோக மறக்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மாத்திரைகளில் சிலவும் இன்சுலினும் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். ஒரு முறை லோ ஆகி எழுந்தவர் சில மணி நேரத்தில் மறுபடி விழுவது உண்டு.

மீன் தந்த தாமத இன்சுலின்

1922-ன் இன்சுலின் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஒரு நாளைக்குப் பல முறை ஊசி வேண்டும், நடு இரவில்கூட. இதை மாற்றியவர் டென்மார்க்கின் ஹாகடோர்ன். டிரவுட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற பொருளை இன்சுலினோடு சேர்த்தால், ஊசி போட்ட இடத்திலிருந்து அது மெதுவாகக் கசிகிறது என்று 1936-ல் காட்டினார். 1946-ல் அதன் செம்மையான வடிவம் வந்தது. பால்போல் கலங்கலாக இருக்கும், போடுமுன் உள்ளங்கைகளில் உருட்டுகிறோமே, அதுதான். நம்மில் பலர் போடும் '30/70' கலவையிலும் பெரும்பங்கு அதுவே.

வசதி வந்தது, கூடவே லோ சுகரும் நேரம் மாறியது. பழைய இன்சுலினில் சாப்பாட்டுக்குப் பிந்தினால் பட்டென்று வியர்த்துக் கொட்டும். புதியதில் சர்க்கரை சத்தமில்லாமல், படிப்படியாக, பெரும்பாலும் தூக்கத்தில் இறங்கியது. இரவு ஒன்பது மணிக்குப் போட்டது நள்ளிரவு தாண்டி உச்சத்துக்கு வருகிறது. முப்பதுகளின் டாக்டர்கள் புதிய அறிகுறிகளை எழுதிவைத்தார்கள். கெட்ட கனவு, நனைந்த தலையணை, காலையில் காரணமில்லாத தலைவலி. இவற்றை வயசுக் கோளாறு என்று ஒதுக்குகிறவர்கள் நம்மில் அதிகம். புது இன்சுலின் தொடங்கிய மாதத்தில் இப்படி வந்தால், சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. 2000-த்தில் வந்த கிளார்ஜின் போன்றவற்றில் அந்த உச்சம் குறைவு, ஆகவே இரவுத் தொல்லையும் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று எதைப் பற்றியும் சொல்ல முடியாது.

உழைப்பின் கதையும் இதோடு சேர்ந்தது. லண்டனில் ராபின் லாரன்ஸ் என்ற டாக்டர் இருந்தார். அவரே நீரிழிவு நோயாளி. சாவதற்கென்று இத்தாலியில் போய்த் தங்கியிருந்தவருக்கு இன்சுலின் கிடைக்கிறது என்று செய்தி போக, 1923 மே மாதம் லண்டன் திரும்பிப் பிழைத்தார். அவர்தான் 1926-ல், இன்சுலின் போட்ட பிறகு உடம்பை உழைக்க வைத்தால் அதன் வேகம் கூடுகிறது என்று அளந்து காட்டினார். ஊசி போட்டுக்கொண்டு கடற்கரையில் வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூட நடப்பவர்கள் லாரன்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

கடிவாளத்தை எவ்வளவு இழுப்பது?

சர்க்கரையை எவ்வளவு இறக்கினால் நல்லது என்ற கேள்விக்கு நெடுநாள் பதில் கிடைக்கவில்லை. 1993-ல் அமெரிக்காவில் முடிந்த பெரிய ஆய்வு ஒன்று, இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பிழைக்கின்றன என்று காட்டியது. அதே ஆய்வில், இறுக்கியவர்களுக்குக் கடுமையான லோ சுகர் மூன்று மடங்கு வந்தது. அதில் இருந்தவர்கள் இளவயதினர். 2008-ல் 'அக்கார்ட்' என்ற இன்னொரு ஆய்வில், இதய நோய் ஆபத்துள்ள நடுவயதினரையும் மூத்தவர்களையும் இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்கப்பட்ட பிரிவில் சாவு கூடியதால் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் வயதானவர்களுக்குக் கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வலுத்தது. எழுபத்தைந்து வயதில், 'என் பேரனின் டாக்டர் ஆறரைக்குள் இருக்கச் சொன்னார்' என்று மூன்று மாதச் சராசரியில் போட்டி போட வேண்டியதில்லை. நம் இலக்கு எது என்று நம் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

வரலாறு நமக்குச் சொல்வது

இந்தக் கதைகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. லோ சுகர் கண்டபடி வருவதில்லை. ஏதோ ஒன்று மாறும்போது வருகிறது. மருந்து மாறும்போது, அளவு மாறும்போது, நேரம் மாறும்போது, சாப்பாடோ நடையோ மாறும்போது. எனவே புது ஊசியின் முதல் வாரங்கள்தான் கவனிக்க வேண்டிய வாரங்கள்.

நான் பழைய எழுத்தன் ஆனதால் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தேதி, மணி, எத்தனை யூனிட், என்ன சாப்பாடு, மீட்டரில் என்ன எண். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் 'கல்யாண வீடு, சாப்பாடு இரண்டு மணி' என்பதுபோல் எழுதுவேன். டாக்டர் எண்களைவிட அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் அதிகம் படிக்கிறார்.

மீட்டரில் 70-க்குக் கீழே வந்தால் லோ. 54-க்குக் கீழே என்றால் விளையாட்டில்லை. 15 கிராம் சர்க்கரை வேண்டும். அதாவது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளோ சர்க்கரையோ அரை டம்ளர் தண்ணீரில், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ. மைசூர்பாகு, சாக்லேட் எல்லாம் இதற்கு உதவாது, அதிலுள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரையை மெதுவாக்கிவிடும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்கள் குளுக்கோஸ் தூள்தான் கைவசம் வைத்திருக்க வேண்டும். வீட்டுச் சர்க்கரையை உடைக்கும் வேலையை அந்த மாத்திரைகள் தடுத்துவிடும்.

சிரிஞ்சு விஷயம் ஒன்று. நம் நாட்டில் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் புட்டி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. மகன் வெளிநாட்டிலிருந்து அன்போடு வாங்கி வந்த இன்சுலினைப் பழைய சிரிஞ்சில் எடுக்கும் முன் இதை நினைக்க வேண்டும்.

மது அருந்துகிறவர்களுக்குக் கிளோத் பெர்னாரின் களஞ்சியத்தை மறுபடி நினைவூட்டுகிறேன். மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதைத் தடுக்கும். வெறும் வயிற்றில் இரண்டு பெக், இரவு இன்சுலின், சாப்பிடாமல் தூக்கம், இந்த மூன்றும் சேரக் கூடாது. போதாக்குறைக்கு அந்த வாடை இருந்தால் எங்கள் தலைமை எழுத்தரேகூட ஏமாந்திருப்பார்.

ஏகாதசி, கிருத்திகை, ரமலான் நோன்பு எதுவானாலும், இருக்கலாமா, இருந்தால் ஊசி எவ்வளவு என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். லோ ஆனதைச் சொன்னால் திட்டுவாரோ என்று மறைப்பவர்களும் உண்டு. அவர் அளவைக் குறைப்பதற்கு அந்தச் செய்திதான் ஆதாரம். நாமே ஊசியை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்காவது இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். லோ முற்றியபின் நம் புத்தி நம்மிடம் இருக்காது. 'எனக்கு ஒன்றுமில்லை, போ' என்று கத்துவோம். அந்தக் கத்தலுக்குக் கோபப்படாமல் சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டு வர ஒரு ஆள் வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைக்கலாம். பர்ஸில் 'இன்சுலின் போடுபவர்' என்று ஒரு சீட்டு, சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸ். இவ்வளவுதான் முன்னேற்பாடு.

முடிவாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1922 ஆகஸ்ட் மாதம் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி டொரோன்டோவுக்கு வந்தாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். பதினைந்து வயது நிறைய இன்னும் சில நாட்கள். எடை இருபது கிலோ சொச்சம். மருந்தின் வீரியம் புட்டிக்குப் புட்டி மாறிய காலம் அது. மீட்டர் கிடையாது, ஒருமுறை போட்டு எறியும் ஊசி கிடையாது. அவளும் லோ சுகரோடு பழகித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, 58 ஆண்டுகளுக்கு மேல் இன்சுலின் போட்டுக்கொண்டு 1981-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 73. கிட்டத்தட்ட நம்முடைய வயது.